தாழ் ஆற்றல் அயனி–மூலக்கூறு மோதல்களில் வினைக் குறுக்குவெட்டை அளவிடும் முறை

ஓர் அயனிக் கற்றை, வாயு நிரம்பிய சிறிய கலம் ஒன்றைக் கடந்து செல்கிறது. உள்ளே சென்ற அயனிகளில் ஒரு பகுதி வாயு மூலக்கூறுகளோடு வினைபுரிந்து வேறோர் அயனியாக வெளிவருகிறது. எத்தனை சென்றன, எத்தனை மாறி வந்தன, வழியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மூலக்கூறுகள் இருந்தன என்ற மூன்றும் தெரிந்தால் வினைக் குறுக்குவெட்டு, அதாவது வினை நிகழ்வதற்கு ஒரு மூலக்கூறு அயனிக்குக் காட்டும் பயனுறு இலக்குப் பரப்பு, கிடைத்துவிடும். அது எந்த மோதல் ஆற்றலுக்கு உரியது என்பது நான்காவது கேள்வி. வெப்ப ஆற்றலை ஒட்டிய எலக்ட்ரான் வோல்ட்டின் சில நூறில் ஒரு பங்கிலிருந்து சில பத்து எலக்ட்ரான் வோல்ட் வரையிலான வீச்சில் இந்த நான்கையும் நம்பத்தக்க வகையில் பெறுவதற்கான வழிமுறையை இக்கட்டுரை விளக்குகிறது. சூத்திரம் ஒரு வரியில் அடங்கிவிடும். உழைப்பு முழுவதும் வழியில் எந்த அயனியும் கணக்கில் வராமல் தொலையவில்லை என்பதை உறுதிசெய்வதிலேயே செலவாகும். குறைந்த ஆற்றலில் தவறாகிப்போன அளவீடுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தவறுகின்றன என்பது என் கணிப்பு.

இங்கே விவரிக்கப்படுவது வழிகாட்டப்பட்ட அயனிக் கற்றை முறை. 1974-இல் டெலோய், கெர்லிஷ் இருவரும் இதை வெளியிட்டனர். அதற்கு முந்தைய கற்றைக் கருவிகளில் மெதுவாகச் செல்லும் அயனிகளும் பக்கவாட்டில் சிதறும் விளை அயனிகளும் சுவர்களில் மோதி மறைந்துவிடும் என்பதால், 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே தனி மதிப்புகளை (ஒப்பு மதிப்பாக அன்றித் தன்னளவில் நிற்கும் மதிப்புகளை) நம்ப முடியாத நிலை இருந்தது. வட்டமாக நிறுத்தப்பட்ட எட்டுத் தண்டுகளுக்கு ரேடியோ அதிர்வெண் மின்னழுத்தம் கொடுத்து, அயனிகளைப் பக்கவாட்டில் தப்பவிடாமல் பிடித்து வைப்பது இம்முறையின் கரு. விளக்கம் தடுமாறாமல் இருக்க, ஆர்கான் அயனி டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) மூலக்கூறோடு மோதி ஆர்கான்–டியூட்டீரைடு அயனியும் டியூட்டீரியம் அணுவும் தரும் வினையைப் பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். எர்வின், ஆர்மன்ட்ரவுட் இருவரும் 1985-இல் விரிவாக அளந்த பின், கருவிகளைச் சரிபார்க்கப் பலரும் நாடும் வினை இது.

சூத்திரமும் அதன் எல்லையும்

ஒரு கலத்தில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணடர்த்தியைக் கலத்தின் பயனுறு நீளத்தால் பெருக்கினால் கிடைப்பதை இலக்குத் தடிமன் என்று அழைப்போம். வினைபுரியாமல் வெளிவரும் முதன்மை அயனிகளின் விகிதம், குறுக்குவெட்டையும் இலக்குத் தடிமனையும் பெருக்கிவரும் எண்ணுக்கேற்ப அடுக்குக்குறி வடிவில் குறைகிறது. ஆகவே மொத்தக் குறுக்குவெட்டைக் கணக்கிட, முதன்மை அயனிகளையும் எல்லா விளை அயனிகளையும் கூட்டி, அத்தொகையை வெளிவந்த முதன்மை அயனிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதன் இயல் மடக்கையை இலக்குத் தடிமனால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட விளைபொருள்கள் இருந்தால், மொத்தக் குறுக்குவெட்டை அவற்றின் எண்ணிக்கை விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம்.

விளை அயனிகளை முதன்மை அயனிகளால் வகுத்தால் போதும் என்னும் சுருக்க வழி, வினைபுரியும் பங்கு ஓரிரு சதவீதத்தைத் தாண்டாதபோது மட்டுமே பொருந்தும். எண்களை இட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 300 கெல்வினில் 0.1 மில்லிடார் அழுத்தத்தில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 3.2 × 10¹² மூலக்கூறுகள் உள்ளன. பயனுறு நீளம் 8 சென்டிமீட்டர் எனில் இலக்குத் தடிமன் 2.6 × 10¹³. குறுக்குவெட்டு 47 சதுர ஆங்ஸ்ட்ராம், அதாவது 4.7 × 10⁻¹⁵ சதுர சென்டிமீட்டர் எனில், இரண்டின் பெருக்கம் 0.12. அப்போது மாறியவை 11.5 சதவீதம், எஞ்சியவை 88.5 சதவீதம். மாறியதை நுழைந்த மொத்தத்தால் வகுத்தால் விடை 6 சதவீதம் குறைவாகவும், எஞ்சியதால் வகுத்தால் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகவும் வரும். இன்று கணினியில் மடக்கை எடுப்பதற்கு எந்தச் செலவும் இல்லை என்பதால் சுருக்க வழியைக் கைவிடுவதே நல்லது.

அயனியின் அகநிலை

எலக்ட்ரான் மோதல் மூலத்தில் உண்டாகும் அயனிகள் அனைத்தும் அடிநிலையில் இருப்பதில்லை. ஆர்கான் அயனியின் அடிநிலைக்கு 0.18 எலக்ட்ரான் வோல்ட் மேலே சுழல்–சுற்றுப்பாதைப் பிணைப்பால் பிரிந்த மற்றொரு நிலை உள்ளது. சாதாரண மூலங்களில் இரண்டும் ஏறத்தாழ 2-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்திருப்பதாகக் கொள்வது வழக்கம். அளந்தது இந்தக் கலவையின் சராசரி என்று பதிவு செய்தால் போதும். கார்பன் அயனியில் நிலைமை கடுமையானது. அதன் நீடித்த கிளர்நிலை ஒன்று அடிநிலையைவிட 5.3 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருப்பதால், அடிநிலைக்கு வெப்பம் கொள்ளும் வினையாக இருப்பது கிளர்நிலைக்கு வெப்பம் உமிழும் வினையாகிவிடும். கற்றையில் நூற்றில் ஒரு பங்கு இத்தகைய அயனிகள் இருந்தாலும், தொடக்க ஆற்றலுக்கு (வினை நிகழத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்கு) கீழே சுழியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வால் தோன்றும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கிளர்நிலை உருவாகத் தேவையான அளவுக்குக் கீழே இறக்கலாம். ஆனால் அயனிகளின் எண்ணிக்கையும் அதோடு சரியும். அல்லது அயனிகளை மூலத்திலிருந்து ஹீலியம் ஓடும் ஒரு மீட்டர் நீளக் குழாயின் வழியே அனுப்பி, சுமார் 1 லட்சம் மோதல்களில் அவற்றைக் குளிர வைக்கலாம். அதிர்வு, சுழற்சி நிலைகளைக் கொண்ட மூலக்கூறு அயனிகளுக்கு இரண்டாவது வழியே பொருத்தமானது. கற்றை தூய்மையாக இருக்கிறதா என்று அறிய, ஏதேனும் ஒரு வாயுவின் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டி, எஞ்சும் முதன்மை அயனிகளின் மடக்கையை அழுத்தத்திற்கு எதிராக வரைந்து பார்க்கவேண்டும். கோடு நேராக இருந்தால் ஒரே வகை அயனி என்று கொள்ளலாம். வளைந்தால் வெவ்வேறு வேகத்தில் வினைபுரியும் இரண்டு நிலைகள் கற்றையில் உள்ளன. இரண்டு நிலைகளும் ஒரே வேகத்தில் வினைபுரியும் வாயுவை அறியாமல் தேர்ந்தெடுத்துவிட்டால் இச்சோதனை எதையும் காட்டாது என்பதால், வேறொரு வாயுவிலும் திரும்பச் செய்து பார்ப்பது பாதுகாப்பானது.

மூலத்திலிருந்து வரும் அயனிகளைக் காந்தப் பிரிப்பான் அல்லது நான்முனை வடிப்பான் கொண்டு நிறைவாரியாகத் தேர்ந்து, பின்னர் வேகம் குறைத்து, எண்முனை வழிகாட்டிக்குள், அதாவது முன்பு சொன்ன எட்டுத் தண்டு அமைப்புக்குள், செலுத்த வேண்டும். இந்த வேகக் குறைப்பு வில்லைகளைச் சீர்செய்வதற்குப் பொறுமை வேண்டும் என்பதைத் தவிர இங்கே விரிவாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

எண்முனை வழிகாட்டி

ரேடியோ அதிர்வெண் புலம் அயனிகளுக்குக் கொடுக்கும் சராசரித் தடுப்பு, நான்முனையில் மையத்திலிருந்து உள்ள தொலைவின் 2-ஆம் அடுக்காகவும், எண்முனையில் 6-ஆம் அடுக்காகவும் உயர்கிறது. ஆகவே எண்முனையின் நடுப்பகுதி ஏறக்குறையப் புலமற்ற குழாய்போல இருந்து, ஓரத்தில் மட்டும் செங்குத்தான சுவராக எழுகிறது. அயனியின் ஆற்றலைக் கலைக்காமல் அதைப் பிடித்து வைக்க முடிவது இதனால்தான். சில மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் சில நூறு வோல்ட் வரையிலான வீச்சும் வழக்கமாகப் பயன்படுகின்றன.

இந்தத் தடுப்பின் உயரம் மின்னழுத்த வீச்சின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், அயனியின் நிறைக்கும் அதிர்வெண்ணின் இருமடிக்கும் எதிர்விகிதத்திலும் இருக்கும். எனவே நிறைமிக்க அயனிகளைப் பிடிக்க வீச்சை உயர்த்த வேண்டும். அதே வேளையில், நிறை குறைந்த அயனிகள் புலத்தின் ஒவ்வொரு அதிர்வையும் பின்தொடர்ந்து ஆற்றலை ஏற்றுக்கொள்ளாமல் இருக்க அதிர்வெண் போதிய அளவு உயர்ந்திருக்க வேண்டும். ஆர்கான்–டியூட்டீரியம் மோதலில் நிறை 42 கொண்ட விளை அயனியும், மின்னூட்டப் பரிமாற்றத்தால் நிறை 4 கொண்ட டியூட்டீரியம் மூலக்கூறு அயனியும் ஒருசேரத் தோன்றுவதால், இரண்டுக்கும் பொருந்தும் அமைப்பைத் தேட நேரும். தேடும் முறை எளியது. மோதல் ஆற்றலை மாற்றாமல் வைத்து, ரேடியோ அதிர்வெண் வீச்சைச் சுழியிலிருந்து மெல்ல உயர்த்தி, ஒவ்வொரு விளை அயனிக்கும் முதன்மை அயனிக்கும் உள்ள விகிதத்தைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். விகிதம் ஏறி ஒரு சமதளத்தை அடையும். எல்லா விளை அயனிகளுக்கும் பொதுவான சமதளம் கிடைக்கும் இடத்தில் வேலை செய்யவேண்டும். சமதளமே தென்படவில்லை என்றால் சேகரிப்பு முழுமையடையவில்லை என்று பொருள். அந்த நிலையில் எடுக்கும் எந்தத் தனி மதிப்பையும் வெளியிடக் கூடாது.

மின்னூட்டப் பரிமாற்ற அயனிகள் தனிக் கவனம் கேட்பவை. எலக்ட்ரான் நீண்ட தொலைவிலேயே தாவிவிடுவதால், புதிதாகப் பிறக்கும் அயனிக்கு இலக்கு மூலக்கூறின் வெப்ப வேகத்தைத் தவிர வேறு வேகம் இல்லை. அவற்றில் பாதி பின்னோக்கி நகரத் தொடங்கும். சில, கலத்தின் நுழைவாயில் வழியாகத் திரும்பியே போய்விடும். எண்முனையை இரண்டு பகுதிகளாக அமைத்து இரண்டாம் பகுதியைச் சில பத்தில் ஒரு வோல்ட் தாழ்த்தி வைப்பதும், நுழைவாயில் வில்லையைப் பின்னோக்கி வரும் அயனிகளைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு உயர்த்தி வைப்பதும் இழப்பைக் குறைக்கும்.

இவை அனைத்தையும் செய்த பிறகு, கணக்குச் சமன்பாடு ஒன்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். கலத்தில் வாயு இல்லாதபோது எண்ணிய முதன்மை அயனிகளும், வாயு உள்ளபோது எண்ணிய முதன்மை அயனிகளோடு எல்லா விளை அயனிகளையும் கூட்டிய தொகையும் சில சதவீதத்துக்குள் ஒத்துப்போகவேண்டும். தொகை குறைந்தால் அயனிகள் தொலைகின்றன, அல்லது தேடாத ஒரு நிறையில் இன்னொரு விளைபொருள் ஒளிந்திருக்கிறது.

வாயுக் கலம்

எண்ணடர்த்தியை அறிய அழுத்தம் வேண்டும். மின்தேக்க அழுத்தமானி, அதாவது ஒரு மெல்லிய தகட்டின் வளைவை மின்தேக்கமாக அளக்கும் கருவி, வாயுவின் வகையைச் சாராதது என்பதால் அதுவே முதல் தேர்வு. சூடான இழை கொண்ட அயனியாக்க அழுத்தமானியை நேரடியாக நம்பக் கூடாது. ஹைட்ரஜனுக்கு அதன் உணர்திறன் நைட்ரஜனுக்கு உரியதில் பாதிக்கும் குறைவு. மின்தேக்க அழுத்தமானியைக் கலத்தோடு அகலமான, குட்டையான குழாய் வழியே இணைக்க வேண்டும். வாயு பாயும் குழாயிலேயே அதைப் பொருத்தினால் பாய்வின் அழுத்த வீழ்ச்சியும் அளவீட்டில் சேர்ந்துவிடும்.

0.1 மில்லிடார் என்பது இக்கருவிகளின் கீழ் எல்லையை ஒட்டிய அளவு. ஆகவே சுழிப்புள்ளியின் நகர்வே பெரிய எதிரி. கலத்தை முழுமையாக வெற்றிடமாக்கிச் சுழியைக் குறிப்பதை ஒவ்வோர் அளவீட்டுக்கு முன்னும் பின்னும் செய்து, இரண்டுக்கும் இடையிலான நகர்வை நேரத்துக்கேற்பப் பங்கிட வேண்டும். இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது: நிலைப்புக்காக அழுத்தமானியின் தலைப்பகுதி 45 பாகை செல்சியஸில் சூடாக வைக்கப்பட்டிருக்கும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதாமல் சுவரோடு மட்டுமே மோதும் அழுத்தத்தில், இரு வேறு வெப்பநிலைப் பகுதிகளின் அழுத்தங்கள் அவற்றின் தனி வெப்பநிலைகளின் இருமடி மூல விகிதத்தில் அமைகின்றன. கலம் 300 கெல்வினிலும் தலைப்பகுதி 318 கெல்வினிலும் இருந்தால் கலத்தின் உண்மை அழுத்தம் அளவி காட்டுவதைவிட 3 சதவீதம் குறைவு. கலத்தைத் திரவ நைட்ரஜனால் 77 கெல்வினுக்குக் குளிர்வித்தால் இந்தக் காரணி பாதிக்கும் கீழே போய்விடும்; எண்ணடர்த்தியைக் கணக்கிடும்போது கலத்தின் வெப்பநிலையைத் தனியே இட வேண்டும் என்பதையும் அப்போது மறக்கக் கூடாது.

பயனுறு நீளம் கலத்தின் வெளி நீளமோ உள் நீளமோ அன்று. வாயு வெளியே கசிவதைக் குறைக்க இரு முனைகளிலும் குறுகிய குழாய்கள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றினுள் அடர்த்தி நடுப்பகுதியின் முழு அளவிலிருந்து கிட்டத்தட்டச் சுழி வரை ஏறக்குறைய நேர்கோட்டில் சரிகிறது. ஆகவே ஒவ்வொரு முனைக் குழாயிலும் பாதி நீளத்தைச் சேர்த்துக்கொள்வது நியாயமான தோராயம். நடுப்பகுதி 6 சென்டிமீட்டரும் முனைக் குழாய்கள் 2 சென்டிமீட்டருமாக இருந்தால் பயனுறு நீளம் 8 சென்டிமீட்டர்.

கலத்துக்கு வெளியே கசிந்த வாயுவோடும் அயனிகள் வினைபுரியும். எண்முனை, கலத்துக்கு முன்னும் பின்னும் நீண்டிருப்பதால் அங்கே பிறக்கும் விளை அயனிகளும் சேகரிக்கப்பட்டுவிடும். இதைக் கழிக்க, அதே வாயுவை அதே பாய்வில் கலத்துக்குள் விடாமல் சுற்றியுள்ள அறைக்குத் திருப்பிவிடும் அடைப்பிதழ் அமைப்பு ஒன்று வேண்டும். ஒவ்வோர் ஆற்றல் புள்ளியிலும் வாயு கலத்தில் இருக்கும்போது ஒரு முறையும், அறையில் இருக்கும்போது ஒரு முறையும் எண்ணி, இரண்டாவதை முதலாவதிலிருந்து கழிக்க வேண்டும். வாயுவை நிறுத்திவிட்டு எடுக்கும் பின்னணி இதற்கு ஈடாகாது.

ஒற்றை மோதல்தானா?

குறுக்குவெட்டு என்பது ஒரு மோதலின் பண்பு. விளை அயனி வெளியேறும் முன் இன்னொரு மூலக்கூறோடு வினைபுரிந்தால் அளந்த எண் பொருளற்றதாகிவிடும். நம் எடுத்துக்காட்டில் இதற்குத் தெளிவான அடையாளம் உண்டு. ஆர்கான்–டியூட்டீரைடு அயனி மீண்டும் டியூட்டீரியத்தோடு மோதினால், மூன்று டியூட்டீரியம் அணுக்கள் கொண்ட நிறை 6 அயனி பிறக்கும். மின்னூட்டப் பரிமாற்றத்தில் உருவான டியூட்டீரியம் அயனியும் அதையே தரும். ஒற்றை மோதலில் ஆர்கான் அயனியும் ஒரு டியூட்டீரியம் மூலக்கூறும் சேர்ந்து அதை உண்டாக்கவே முடியாது. ஆகவே நிறை 6-இல் தென்படும் ஒவ்வோர் அயனியும் இரண்டாம் மோதலின் சாட்சி.

இத்தகைய நேரடிச் சாட்சி எல்லா வினைகளிலும் கிடைக்காது. பொதுவான வழி, 0.05 முதல் 0.3 மில்லிடார் வரை குறைந்தது மூன்று அழுத்தங்களில் ஒரே ஆற்றல் வீச்சை அளந்து, ஒவ்வோர் ஆற்றலிலும் குறுக்குவெட்டை அழுத்தத்துக்கு எதிராக வரைந்து சுழி அழுத்தத்துக்கு நீட்டுவது. கோடு கிடையாக இருந்தால் நிம்மதி. மேலே ஏறினால் இரண்டாம் மோதல்கள் அந்த விளைபொருளைக் கூட்டுகின்றன. கீழே இறங்கினால் அதை அழிக்கின்றன. மெதுவாகச் செல்லும் அயனிகளுக்குக் குறுக்குவெட்டு பெரியதாதலால் இந்தச் சோதனையை மிகக் குறைந்த ஆற்றலில்தான் முதலில் செய்ய வேண்டும்.

மோதல் ஆற்றல்

வினைக்குப் பயன்படுவது நிறைமையத்தைச் சார்ந்த ஆற்றல் மட்டுமே. ஆய்வகத்தில் அயனிக்குக் கொடுத்த ஆற்றலை இலக்கின் நிறையால் பெருக்கி, இரு நிறைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். நிறை 40 கொண்ட ஆர்கான் அயனி நிறை 4 கொண்ட டியூட்டீரியத்தோடு மோதும்போது ஆய்வக ஆற்றலில் 11-இல் ஒரு பங்குதான் மோதலுக்கு உதவுகிறது. கனமான அயனியையும் இலேசான இலக்கையும் தேர்வதன் நன்மை இதிலிருந்து தெரியும்: ஆய்வக ஆற்றலில் 0.1 எலக்ட்ரான் வோல்ட் பிழை இருந்தாலும் மோதல் ஆற்றலில் அது 0.01-க்கும் குறைவு.

ஆய்வக ஆற்றலின் சுழியை மின்னழுத்தமானியின் வாசிப்பிலிருந்து எடுக்க முடியாது. உலோகப் பரப்புகளின் தொடுகை மின்னழுத்தமும், பரப்பில் படியும் வாயுவும், மூலத்தில் திரளும் மின்னூட்டமும் அதை எலக்ட்ரான் வோல்ட்டின் சில பத்தில் ஒரு பங்கு வரை நகர்த்தும். எண்முனையையே தடுப்புச் சுவராகப் பயன்படுத்துவது இதற்கான தீர்வு. எண்முனையின் நேர்மின்னழுத்தத்தைச் சிறு படிகளாக உயர்த்திக்கொண்டே போனால் அயனிகளின் எண்ணிக்கை ஓரிடத்தில் சரியத் தொடங்கி மறைந்துவிடும். அந்தச் சரிவின் வகைக்கெழுவை எடுத்தால் ஆற்றல் பரவல் கிடைக்கும். அதன் மையம் சுழிப்புள்ளி, அதன் அகலம் கற்றையின் ஆற்றல் விரிவு. பாதி உயரத்தில் 0.3 முதல் 0.5 எலக்ட்ரான் வோல்ட் அகலம் இத்தகைய கருவிகளில் இயல்பானது. மோதல் நிகழும் அதே பகுதியிலேயே ஆற்றல் அளக்கப்படுவதால் தொடுகை மின்னழுத்தத்தின் பெரும்பகுதி தானே நீங்கிவிடுகிறது என்பது இம்முறையின் அழகு.

ஆயினும் இதை ஒரே முறை செய்துவிட்டு நாள் முழுவதும் நம்பக் கூடாது. வினைபடு வாயுவை உள்ளே விட்ட பிறகு பரப்புகளின் தன்மை மாறுவதால், ஒவ்வொரு தொடர் அளவீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சுழியைக் காண வேண்டும். இயலுமானால் பறக்கும் நேரத்தை அளந்தும் சரிபார்க்கலாம். 1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஆர்கான் அயனி நொடிக்கு 2.2 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், 10 சென்டிமீட்டரைக் கடக்க 46 மைக்ரோநொடி எடுக்கும், 0.1 எலக்ட்ரான் வோல்ட்டில் அது 144 மைக்ரோநொடி. இந்த வேறுபாட்டை எளிய மின்னணுக் கருவிகளே தெளிவாகக் காட்டும்.

ஆய்வக ஆற்றல் கற்றையின் விரிவைவிடக் குறையும்போது ஒரு நுட்பமான பிழை நுழைகிறது. பரவலின் மெதுவான பகுதி எண்முனைக்குள் நுழையவே முடியாமல் வெட்டுப்படுவதால், உள்ளே வந்த அயனிகளின் சராசரி ஆற்றல் அமைத்த எண்ணைவிட உயர்ந்துவிடும். வெட்டுப்பட்ட பரவலின் சராசரியைக் கணக்கிட்டு அதையே கிடையச்சில் இட வேண்டும்.

இவ்வளவு செய்தும் இலக்கு மூலக்கூறுகளின் வெப்ப இயக்கம் எஞ்சி நிற்கிறது. சான்ட்ரி 1971-இல் தந்த வாய்பாட்டின்படி, இதனால் உண்டாகும் விரிவின் பாதி உயர அகலம், நான்கு எண்களின் பெருக்கத்தின் இருமடி மூலத்துக்குச் சமம்: 11.1, மொத்த நிறையில் அயனியின் பங்கு, வெப்ப ஆற்றல், நிறைமைய ஆற்றல். 300 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட். ஆர்கான்–டியூட்டீரியம் மோதலுக்கு 1 எலக்ட்ரான் வோல்ட்டில் இந்த அகலம் 0.51 எலக்ட்ரான் வோல்ட். அதாவது, கற்றையின் விரிவு 11-ஆல் வகுபட்டுச் சுருங்கிவிட்ட பிறகும் இலக்கின் இயக்கம் அதைப் பத்து மடங்குக்கு மேல் விஞ்சுகிறது. நிறை 4 கொண்ட ஹீலியம் அயனி நிறை 28 கொண்ட நைட்ரஜனோடு மோதினால் அதே ஆற்றலில் இந்த அகலம் 0.19 மட்டுமே, ஆனால் அங்கே கற்றையின் விரிவு ஏறக்குறைய முழுமையாக மோதல் ஆற்றலில் வந்து சேரும். எந்த இணையிலும் ஏதோ ஒரு பக்கம் விலை கொடுக்கத்தான் வேண்டும். கலத்தை 77 கெல்வினுக்குக் குளிர்வித்தால் வெப்ப விரிவு பாதியாகும்.

அதே வெப்ப இயக்கம் சராசரி மோதல் ஆற்றலுக்கு ஓர் அடித்தளத்தையும் இட்டுவிடுகிறது. அயனி நின்றுவிட்டதாகவே கொண்டாலும், ஆர்கான்–டியூட்டீரியம் இணைக்கு 300 கெல்வினில் சராசரி மோதல் ஆற்றல் 0.035 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாது. அதற்குக் கீழே செல்ல விரும்புவோர், இரு கற்றைகளை ஒரே திசையில் இணைத்து ஓடவிடும் முறைக்கோ, அயனிகளைக் குளிர்ந்த இருபத்திரண்டு முனைப் பொறியில் நெடுநேரம் அடைத்து வைக்கும் முறைக்கோ மாற வேண்டியிருக்கும்.

எண்ணுதல்

விளை அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்கும் இரண்டாவது நான்முனை வடிப்பானைத் தனி மதிப்புகள் வேண்டும்போது குறைந்த பகுதிறனில் (அடுத்தடுத்த நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறனில்) இயக்க வேண்டும். பகுதிறனை உயர்த்தினால் கடத்துதிறன் குறைவதோடு, அது நிறைக்கு நிறை மாறுபடவும் செய்யும். ஆனால் பகுதிறனைத் தாழ்த்தினால் வலுவான நிறை 40 சிகரத்தின் வால் நிறை 41-இல் வழிந்துவிடும். சரிபார்ப்புக்கு ஹைட்ரஜனைவிட டியூட்டீரியத்தைப் பலர் விரும்புவதன் எளிய காரணம் இதுவே: விளை அயனி 42-இல் போதிய இடைவெளியோடு நிற்கிறது.

உணர்கருவியாக, அயனிகளை 25 கிலோவோல்ட்டுக்கு மேல் முடுக்கி உலோகப் பரப்பில் மோதவிட்டு, வெளிப்படும் எலக்ட்ரான்களை மினுக்குப் பொருளாலும் ஒளிப்பெருக்கிக் குழாயாலும் எண்ணும் டாலி அமைப்பு சிறந்தது. அந்த ஆற்றலில் எண்ணும் திறன் நிறையைச் சார்வது மிகக் குறைவு. எண்ணும் மின்னணுவியலின் முடக்க நேரத்தைத் திருத்த மறக்கக் கூடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் 20 நானோநொடி முடக்கம் இருந்தால், நொடிக்கு 10 லட்சம் அயனிகள் வரும்போது 2 சதவீதமும் 50 லட்சம் வரும்போது 10 சதவீதமும் எண்ணப்படாமல் போகும். இவ்விழப்பு மிகுந்து வரும் முதன்மை அயனிகளையே தாக்குவதால் குறுக்குவெட்டு பொய்யாக உயர்ந்து தெரியும்.

சிறிய குறுக்குவெட்டுகளில் நேரமே பொருள். நொடிக்கு 10 லட்சம் முதன்மை அயனிகளோடு, மேற்கூறிய கலத்தில் 0.01 சதுர ஆங்ஸ்ட்ராம் குறுக்குவெட்டுள்ள வினை நொடிக்கு சுமார் 26 விளை அயனிகளைத் தரும். பின்னணி நொடிக்கு 10 எனில், வாயு கலத்தில் 10 நொடியும் அறையில் 10 நொடியும் எண்ணினால் புள்ளியியல் பிழை 8 சதவீதம். ஒரே புள்ளியில் நெடுநேரம் நிற்பதைவிட, ஆற்றல் வீச்சு முழுவதையும் விரைவாகப் பலமுறை கடந்து கூட்டிக்கொள்வது நல்லது. கற்றையின் மெதுவான நகர்வுகள் அப்போது வரைபடத்தின் வடிவத்தைக் கெடுக்காமல் சராசரியில் கரைந்துவிடும்.

எண்ணை நம்பலாமா?

வெப்பம் உமிழும் வினைகளுக்கு ஓர் இயற்கையான மேல் எல்லை உண்டு. அயனி அருகே வரும்போது மூலக்கூறில் தூண்டும் இருமுனையால் உண்டாகும் கவர்ச்சியை மட்டும் கணக்கில் கொண்டு, லாங்கெவின் வழிவந்த மாதிரியைக் கியூமூசிஸ், ஸ்டீவன்சன் இருவரும் 1958-இல் அயனி–மூலக்கூறு வினைகளுக்குப் பொருத்தினர். ஒற்றை மின்னூட்ட அயனிக்கு, மூலக்கூறின் முனைவாகுதிறனை (மின்புலத்தில் அதில் இருமுனை எவ்வளவு எளிதில் தூண்டப்படும் என்பதன் அளவை) கன ஆங்ஸ்ட்ராமிலும் மோதல் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டிலும் இட்டு, முன்னதைப் பின்னதால் வகுத்து, இருமடி மூலம் எடுத்து, 16.9-ஆல் பெருக்கினால் மோதல் குறுக்குவெட்டு சதுர ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும். டியூட்டீரியத்தின் முனைவாகுதிறன் சுமார் 0.79, எனவே 0.1 எலக்ட்ரான் வோல்ட்டில் 47, 1 எலக்ட்ரான் வோல்ட்டில் 15 சதுர ஆங்ஸ்ட்ராம். இருமுனைத் திருப்புத்திறன் இல்லாத இலக்குக்கு, குறைந்த ஆற்றலில் அளந்த மொத்தக் குறுக்குவெட்டு இதைத் தெளிவாக மிஞ்சினால், புதிய இயற்பியல் கண்டுவிட்டதாக மகிழ்வதற்கு முன் அழுத்தமானியின் சுழியையும் முடக்க நேரத்தையும் திரும்பப் பார்க்க வேண்டும். நிலையான இருமுனை கொண்ட நீர், அம்மோனியா போன்ற இலக்குகளுக்கு எல்லை இதைவிட உயரமானது.

இன்னொரு சரிபார்ப்பு, குறுக்குவெட்டைச் சார்பு வேகத்தால் பெருக்கி வினை வேக மாறிலியாக்கி, பாய்வுக் குழாய் முறைகளில் அறை வெப்பநிலையில் தனியே அளந்த மதிப்போடு ஒப்பிடுவது. மேற்சொன்ன 47 சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு 0.1 எலக்ட்ரான் வோல்ட்டில் சார்பு வேகம் நொடிக்கு 2.3 கிலோமீட்டர், பெருக்கினால் நொடிக்கு 1.1 × 10⁻⁹ கன சென்டிமீட்டர். எல்லாம் சரியாக இருந்தாலும், நன்கு பேணப்பட்ட கருவியில்கூடத் தனி மதிப்புக்கு 20 சதவீதமும், ஆற்றலோடு மாறும் ஒப்பு மதிப்புகளுக்கு 5 சதவீதமும் பிழை எல்லையாகக் குறிப்பதே வழக்கம். அழுத்தமும் நீளமும் எல்லாப் புள்ளிகளையும் ஒரே காரணியால் நகர்த்துவதால்தான் இவ்விரண்டுக்கும் இந்த இடைவெளி.

தொடக்க ஆற்றலைப் பெறுதல்

வெப்பம் கொள்ளும் வினைகளில் வரைபடத்திலிருந்து தொடக்க ஆற்றலைக் கண்ணால் படிக்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. கார்பன் அயனி ஹைட்ரஜனோடு மோதிக் கார்பன்–ஹைட்ரைடு அயனி தரும் வினைக்கு ஏறத்தாழ 0.4 எலக்ட்ரான் வோல்ட் தேவை. அந்த ஆற்றலில் இலக்கின் வெப்ப இயக்கத்தால் மட்டுமே வரும் அகலம் 0.31 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே 0.2 எலக்ட்ரான் வோல்ட் என்று குறித்த இடத்திலேயே விளை அயனிகள் தோன்றத் தொடங்கும். அங்கே கோடு போட்டால் விடை பாதியாகிவிடும்.

சரியான வழி தலைகீழானது. தொடக்க ஆற்றலுக்குக் கீழே சுழியாகவும், அதற்கு மேலே மிகை ஆற்றலின் ஏதோ ஓர் அடுக்காக உயர்ந்து மோதல் ஆற்றலால் வகுபடுவதாகவும் ஒரு மாதிரிக் குறுக்குவெட்டை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். மூலக்கூறுகளின் சுழற்சி, அதிர்வு நிலைகள் ஒவ்வொன்றின் ஆற்றலையும் அந்நிலைகளில் உள்ள மூலக்கூறுகளின் பங்குக்கேற்ப அதில் கூட்டவேண்டும். பிறகு அதைக் கற்றையின் விரிவோடும் இலக்கின் வெப்ப விரிவோடும் சுருட்டிக் கலந்து, கிடைக்கும் வளைவை அளந்த புள்ளிகளோடு பொருத்தி, உயரம், அடுக்கு, தொடக்க ஆற்றல் மூன்றையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அடுக்கும் தொடக்க ஆற்றலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் இயல்புடையவை: அடுக்கை உயர்த்தினால் தொடக்க ஆற்றல் கீழிறங்கியும் பொருத்தம் நன்றாகவே தோன்றும். ஆகவே ஒரே ஒரு சிறந்த பொருத்தத்தை எடுத்துக்கொள்ளாமல், அடுக்கை நியாயமான எல்லைக்குள் மாற்றியும், பொருத்தும் ஆற்றல் வீச்சைக் கூட்டிக் குறைத்தும், ஆற்றல் சுழியைப் பிழை எல்லைக்குள் நகர்த்தியும், வெவ்வேறு நாள்களின் தரவுகளைத் தனித்தனியே பொருத்தியும் வரும் மதிப்புகளின் பரவலையே பிழை எல்லையாகத் தர வேண்டும். தொடக்க ஆற்றலுக்கு வெகு கீழே ஆற்றலோடு மாறாத சிறு வால் ஒன்று எஞ்சினால், அதைப் பொருத்தத்தில் நுழைத்து மறைக்காமல், அயனி மூலத்துக்குத் திரும்பிச் சென்று எலக்ட்ரான் ஆற்றலைக் குறைத்து அந்த வால் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.